நண்பர்களின் ஓவியங்கள் குடியிருக்கும் வீடு

1943ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜொகூர் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமாரிடம் அந்த மாதத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஜப்பானியர் ஆட்சி, அரிசிக்குத் தட்டுப்பாடு, மரவள்ளிக்கிழங்கே சோறு. சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போன காலம். அந்தப் பாதை அதே ஆண்டு அக்டோபரில்தான் முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவில்லை. நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டு ஜூலையில்தான்.

அந்த ஆகஸ்டு 29ஆம் தேதி, கடலுக்கு அப்பால் கொழும்பு நகரில், ஒரு வீட்டில் சில ஓவியர்கள் கூடினார்கள். அவர்கள் ஊரிலும் போரின் சூடு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1942 ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசியிருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் ஓவியர்களுக்கு ஒரு சங்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால், அன்று மாலை அந்த வீட்டில் பிறந்த குழுதான் பிற்காலத்தில் '43 குழு' என்ற பெயரில் லண்டன், பாரிஸ், வெனிஸ் வரை போய் வந்தது. இலங்கையின் நவீன ஓவிய வரலாற்றை எழுதுபவர் எவரும் அந்த மாலைப் பொழுதைத் தொடாமல் கடக்க முடியாது.

இந்த வரலாற்றில் இரண்டு வீடுகள் உண்டு. இரண்டும் கலைஞர்களின் வீடுகள். இரண்டும் கொழும்பில் இருந்தவை. ஒன்று இடிக்கப்பட்டு அரங்கமாயிற்று. மற்றொன்று அப்படியே நின்று, நண்பர்கள் அத்தனை பேரின் ஓவியங்களையும் ஒரே கூரையின் கீழ் காட்டும் நிரந்தரமான மீள்பார்வைக் கண்காட்சியாயிற்று. ஓவியன் போன பிறகு அவன் வீடு என்ன ஆகிறது? இது கொழும்புக்காரர்களுக்கு மட்டும் உரிய கேள்வியா? ஜொகூரில் இருக்கும் நாமும் யோசிக்க வேண்டிய கேள்விதான்.

முதல் வீடு: லயனல் வெண்ட்

ஓவியர்கள் கூடிய வீட்டின் சொந்தக்காரர் லயனல் வெண்ட். 1900இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், ஆனால் வழக்காடுவதில் அவர் மனம் நிற்கவில்லை. அவருடைய உயிர் பியானோவிலும் புகைப்படக் கருவியிலும் இருந்தது. கண்டி நடனக் கலைஞர்களையும், கடலோர மனிதர்களையும், பழைய கோயில் கற்களையும் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் உலகம் முழுவதும் பேசப்படுகின்றன. 1934இல் பேசில் ரைட் இயக்கிய 'சாங் ஆஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தில் ஒலிக்கும் வர்ணனைக் குரல் இவருடையதுதான். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, இளைஞராகத் தம் நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்பில் தங்கியிருந்த நாட்களில் இவரோடு பழகியவர்.

அந்தக் காலத்து இலங்கையில் ஓவியம் என்றால் என்ன? பிரிட்டிஷார் வகுத்த பாதை ஒன்று இருந்தது. கண்ணுக்குத் தெரிவதை அச்சுப் பிசகாமல் வரைய வேண்டும். இயற்கைக் காட்சி, கனவான்களின் உருவப்படம், மலர் ஜாடி. சிலோன் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் அப்படிப்பட்ட படங்களுக்கே மதிப்பு. பாரிஸில் செசானும் மத்தீஸும் பிக்காசோவும் ஓவியத்தையே புரட்டிப் போட்டுவிட்ட பிறகும் கொழும்புச் சங்கம் அசையவில்லை. அஜந்தாவும் சிகிரியாவும் பக்கத்திலேயே இருந்தும் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளவும் அது முன்வரவில்லை.

இந்தச் சலிப்பில்தான் 43 குழு பிறந்தது. அந்தக் கூட்டத்தின் பெயர்களைப் படித்தாலே ஒரு செய்தி தெரியும். ஜார்ஜ் கீட், ஜெப்ரி பெலிங், ஜார்ஜ் கிளாசன், ஒப்ரி கொலெட் ஆகியோர் பறங்கியர் என்று அழைக்கப்படும் டச்சு வழிச் சமூகத்தார். ஹாரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல ஆகியோர் சிங்களவர்கள். மஞ்சுஸ்ரீ காவி உடுத்திய புத்த பிக்கு. ரிச்சர்ட் கேப்ரியல் பத்தொன்பது வயது இளைஞர். அவர்களோடு யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் பெயரும் உண்டு: எஸ். ஆர். கனகசபை.

நம் வாசகர்களில் பலருக்கு யாழ்ப்பாணம் தூரத்து ஊர் அல்ல. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்தாரின் பேரப்பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இருக்கிறார்கள். கனகசபை அந்த மண்ணில் பள்ளிக்கூடங்களின் சித்திரப் பாடத்தை மேற்பார்வையிட்ட அதிகாரி. 1938இல் யாழ்ப்பாணத்தில் 'வின்சர் ஓவியக் கழகம்' தோன்றக் காரணமானவரும் அவரே. இலங்கையின் தலைமை ஓவிய அதிகாரியாக இருந்து, பிள்ளைகளுக்குப் புதுமுறையில் ஓவியம் கற்பிக்க வழி திறந்த சி. எஃப். வின்சரின் பெயரையே அந்தக் கழகம் தாங்கி நின்றது.

1943 நவம்பரில் குழுவின் முதல் கண்காட்சி கொழும்பில் நடந்தது. இடம், புகைப்படச் சங்கத்தின் கட்டடம். ஆனால், எல்லாரையும் கூட்டி வைத்த லயனல் வெண்ட் அடுத்த ஆண்டு முடிவதைப் பார்க்கவில்லை. 1944 டிசம்பரில், 44 வயதில், திடீரெனக் காலமானார். அவர் எடுத்த படங்களின் நெகடிவ்கள் அவர் மறைவுக்குப் பிறகு அழிக்கப்பட்டன. இன்று நாம் பார்ப்பது எஞ்சிய பிரதிகளைத்தான். நல்ல வேளையாக 1950இல் லண்டனில் அவருடைய படங்கள் ஒரு நூலாக வெளிவந்தன.

அவருடைய வீடு என்ன ஆயிற்று? நண்பர் ஹெரல்ட் பீரிஸின் முயற்சியால் அந்த நிலத்தில் லயனல் வெண்ட் நினைவு அரங்கம் எழுந்தது. 1953 டிசம்பரில், ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் நாடகத்தோடு அந்த மேடை திறக்கப்பட்டது. நாடக அரங்கமும் ஓவியக் கூடமும் கொண்ட அந்த இடம் இன்றும் கொழும்பின் கலை மையம். வீடு போனாலும் பயன் நின்றது. ஆனால், அன்று மாலை அவர்கள் உட்கார்ந்து பேசிய அறையையும் பியானோ இருந்த மூலையையும் இன்று யாரும் பார்க்க முடியாது.

உலகம் பார்த்தது

வெண்ட் மறைந்த பிறகு குழு சிதறியிருக்கலாம். சிதறாமல் கட்டிக் காத்தவர்களில் முதன்மையானவர் ஹாரி பீரிஸ். 1904இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் அரச கலைக் கல்லூரியில் படித்துவிட்டுப் பாரிஸில் சில ஆண்டுகள் பயின்றார். பிறகு ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தார். மேற்கையும் கிழக்கையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மனிதர்களின் முகங்களை வரைவதில் வல்லவர். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் குணம் முகத்தில் தெரியும்படி அமைதியான வண்ணங்களில் வரைந்தார்.

1952இல் 43 குழுவின் ஓவியங்கள் லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற விமர்சகர் ஜான் பெர்ஜர் அந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு பாரிஸ். 1956இல் வெனிஸ் பன்னாட்டுக் கண்காட்சியில் ஜஸ்டின் தெரணியகலவுக்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. சுதந்திரம் பெற்று எட்டே ஆண்டுகள் ஆன ஒரு சிறிய தீவுக்கு அது சாதாரணக் காரியமா?

அதே 1952இல் நம் பக்கத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் ஷீ, சியோங் சூ பியெங் என்ற நான்கு ஓவியர்கள் பாலித் தீவுக்குப் பயணம் போனார்கள். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் நால்வரும் சேர்ந்து வைத்த கண்காட்சிதான் நன்யாங் ஓவியப் பாணியின் அடையாளமாக நிலைத்தது. அந்த லியூ காங் வளர்ந்தது நம் மூவாரில். கொழும்பில் ஒரு குழு, சிங்கப்பூரில் ஒரு குழு. இரண்டும் ஒரே கேள்வியோடு போராடின. மேற்கில் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு நம் வெயிலையும் நம் மனிதர்களையும் நம் விதத்தில் வரைவது எப்படி?

போனவர்கள் போக

வெற்றிக்குப் பிறகு வந்தது பிரிவு. ஜார்ஜ் கிளாசன் முன்பே 1940களின் இறுதியில் வெளிநாடு போய்விட்டார். ஐவன் பீரிஸ் 1953 முதல் இங்கிலாந்தில் குடியேறி, அங்கிருந்தபடியே இலங்கைக் கடற்கரைகளை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தார். புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இவருடைய அண்ணன். கேலிச்சித்திரத்தால் அரசியல்வாதிகளைத் தூங்கவிடாத ஒப்ரி கொலெட் 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போனார். தெரணியகல 1967இல் காலமானார்.

இதில் அரசியலும் இருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஆங்கிலம் பேசிய பறங்கியர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறின. தமிழர்களுக்கும் சிங்களவர்களுக்கும் இடையே விரிசல் பெரிதாயிற்று. 1943இல் ஒரே அறையில் இயல்பாக உட்கார்ந்திருந்த பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெவ்வேறு திசைக்குப் போக வேண்டியதாயிற்று. 43 குழுவின் கதையை ஓவியக் கதை என்று மட்டும் படித்தால் பாதிக் கதை விட்டுப் போகும். ஒரு நாடு எப்படியெல்லாம் இருந்திருக்கலாம் என்பதன் சாட்சியும் அந்தப் பெயர்ப் பட்டியல்தான்.

நண்பர்கள் போகப் போக, அவர்களின் படங்கள் மட்டும் ஒரு வீட்டில் சேர்ந்துகொண்டே வந்தன. கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் இருந்த ஹாரி பீரிஸின் வீடு அது.

இரண்டாவது வீடு: செண்பகத்தின் பெயர்

ஓடு வேய்ந்த தாழ்வான கூரை, வெளிச்சம் இறங்கும் முற்றம், மரங்களின் நிழல், ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் அறைகள். பெரிய அரண்மனை அல்ல. ஒரு மனிதர் வாழ்ந்த வீடு. அவர் காலத்து நாற்காலிகளும் அலமாரிகளும் புத்தகங்களும் அங்கே உண்டு. சுவர் முழுவதும் ஓவியங்கள். கீட்டின் வளைந்தோடும் கோடுகள், தெரணியகலவின் முரட்டு வண்ணங்கள், ஐவன் பீரிஸின் அமைதியான கடல், கேப்ரியலின் நாட்டுப்புற மனிதர்கள், மஞ்சுஸ்ரீ பழைய விகாரைச் சுவர்களிலிருந்து படியெடுத்த சித்திர மரபு, வீட்டுக்காரர் வரைந்த முகங்கள்.

1974இல் ஹாரி பீரிஸ் ஒரு முடிவு எடுத்தார். வீட்டையும் அதிலிருந்த கலைச் செல்வங்களையும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'சப்புமல்'. சிங்களத்தில் சப்புமல் என்றால் செண்பகப் பூ. நமக்கு அந்தப் பெயரில் இன்னொரு நினைவும் வரும். 15ஆம் நூற்றாண்டில் கோட்டை அரசின் படையோடு வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த சப்புமல் குமாரனைத் தமிழில் செண்பகப் பெருமாள் என்பார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் அது. ஒரே சொல் இரண்டு மொழிகளிலும் மணக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது அவர் முடிவெடுத்த காலம். அப்போது அவருக்கு வயது 70. நல்ல நினைவோடு, உயிரோடு இருக்கும்போதே செய்தார். அவர் காலமானது 1988இல். அதே ஆண்டில்தான் ஐவன் பீரிஸும் இங்கிலாந்தில் கண்ணை மூடினார். அறக்கட்டளை முன்பே நிற்காமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? கொழும்பின் விலை உயர்ந்த பகுதியில் இருந்த நிலம் அது. பங்கு பிரிக்கப்பட்டிருக்கும், படங்கள் ஆளுக்கு ஒன்றாகப் போயிருக்கும், இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நின்றிருக்கும். பதினான்கு ஆண்டு முன்யோசனைதான் அந்த வீட்டைக் காப்பாற்றியது.

இரண்டாவதாக ஒன்று உண்டு. பொதுவாக ஓவியரின் வீட்டை நினைவில்லமாக்கினால் சுவர் முழுவதும் அவர் படங்களே இருக்கும். ஹாரி பீரிஸ் தம் சுவரை நண்பர்களுக்குக் கொடுத்தார். தம்மைவிடப் புகழ் பெற்ற கீட்டும் தெரணியகலவும் தம் வீட்டிலேயே முன்னால் நிற்பதைப் பற்றி அவர் வருந்தவில்லை. போட்டியும் பொறாமையும் கலை உலகில் புதிதல்ல. அதனால்தான் இந்த வீடு இன்னும் அபூர்வமாகத் தெரிகிறது. குழுவின் கடைசி உறுப்பினரான ரிச்சர்ட் கேப்ரியல் 2016இல் ஆஸ்திரேலியாவில் மறைந்தார். அன்றைய கூட்டத்தில் இருந்த ஒருவரும் இன்று இல்லை. ஆனால், அவர்கள் கூடிப் பேசுவதுபோல் அவர்களின் படங்கள் பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் இருக்கின்றன.

வீடு கிடைக்காதவர்கள்

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர்களுக்கு இப்படி ஒரு சப்புமல் வீடு கிடைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1995 அக்டோபர் இறுதியில் ஓர் இரவில் ஊரே வெளியேற வேண்டி வந்தது. கையில் எடுத்துப் போக முடிந்தது பிள்ளைகளும் ஒரு மூட்டையும்தான். சுவரில் தொங்கிய படத்தைக் கழற்றிக்கொண்டு ஓட யாரால் முடியும்? கனகசபைக்கு அடுத்த தலைமுறையில் யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு நவீன ஓவியத்தை அறிமுகப்படுத்திய ஆசிரியர் மாற்கு அந்தப் போர்க்காலம் முழுவதையும் கடந்து 2000இல் மறைந்தவர். ஒரே தீவு, ஒரே தலைமுறை. கொழும்பில் சுவர் இருந்தது, யாழ்ப்பாணத்தில் சுவரே பாதுகாப்பாக இல்லை. ஓவியம் நிலைக்க ஓவியன் மட்டும் போதாது. அமைதியும் ஒரு கூரையும் வேண்டும்.

தமிழ்நாட்டில் வேறு விதமான விடை கிடைத்தது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், 1966இல் தம் மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார். பணம் எங்கிருந்து வந்தது? நமக்கு நன்கு பழக்கமான பாத்திக் துணியிலிருந்து! ஓவியர்கள் பாத்திக்கும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்ததே சோழமண்டல ஓவியர் கிராமம். பணிக்கர் 1977இல் மறைந்தார். 2009இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை ஓவிய இயக்கத்தின் பலருடைய படைப்புகள் அங்கே ஒன்றாக இருக்கின்றன. நம் நாட்டு ஓவியர் சையத் தாஜுதீன் 1960களின் இறுதியில் படிக்கப் போனதும் பணிக்கர் வளர்த்த அதே சென்னைக் கல்லூரிக்குத்தான்.

ஜொகூருக்கு என்ன பாடம்?

ஜொகூர் பாருவில் ஜாலான் பெட்ரியில் இருக்கும் ஜொகூர் கலைக்கூடத்தின் கட்டடமும் ஒரு காலத்தில் வீடுதான். 1910இல் கட்டப்பட்டது, ஜொகூரின் மந்திரி பெசாராக இருந்த டத்தோ அப்துல்லா ஜாஃபரின் இல்லம். பழைய வீட்டைக் கலைக்கு ஒதுக்கலாம் என்ற எண்ணம் நம் மாநிலத்துக்கும் புதிதல்ல. மூவாரில் வளர்ந்த லியூ காங், தம் படைப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 2003இல், தாம் மறைவதற்கு முந்தைய ஆண்டில், சிங்கப்பூர் ஓவிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவரும் காத்திருக்கவில்லை; இருக்கும்போதே கொடுத்தார்.

நம் சமூகத்துக்கு வருவோம். தோட்டத்துக் கோயில் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டியவர்கள், திருவிழா நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதியவர்கள், தமிழ்ப்பள்ளியில் சித்திரம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள், கடைத்தெருவில் பெயர்ப் பலகை எழுதியவர்கள், பழைய கேமராவில் லயத்து வாழ்க்கையைப் படம் பிடித்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களுக்கும் செம்பனைக்கும் கைமாறியபோதும், லயங்களோடு சேர்ந்து அந்தக் கைவேலைகளும் குப்பைக்குப் போயின. வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படுவது சுவரில் மாட்டிய பழைய படமே.

மாளிகை கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஹாரி பீரிஸ் செய்ததில் பணம் வேண்டிய பகுதி ஒன்று. பணம் வேண்டாத பகுதி மூன்று. நண்பர்களின் படைப்பைத் தம்முடையதைப்போல் பாதுகாத்தார். எது யாருடையது என்பது தெரியும்படி வைத்திருந்தார். தமக்குப் பிறகு யார் பொறுப்பு என்பதை உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்தார். இந்த மூன்றையும் ஜொகூரில் எந்தக் குடும்பமும் செய்யலாம். எந்தக் கோயில் நிர்வாகமும், எந்தத் தமிழ்ப்பள்ளியும் செய்யலாம்.

வீட்டில் தாத்தா வரைந்த படமோ, எடுத்த புகைப்படமோ இருந்தால் இந்த வாரம் அதைக் கீழே இறக்கித் தூசு துடையுங்கள். பின்பக்கம் ஒரு காகிதத்தை ஒட்டி, வரைந்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், படத்தில் இருப்பவர் யார் என்று இன்றே கேட்டுவிடுங்கள். நாளைக்கு ஜொகூரில் நம் கலைஞர்களுக்கு ஒரு மீள்பார்வைக் கண்காட்சி நடந்தால், அதன் முதல் படம் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து வரக்கூடும்.